கேமரன் மலைக் குப்பை: எரியுலைக்குள் போவது குப்பையா, தண்ணீரா?

பள்ளி விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரை சாலையோரக் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தாலே, மலைக்கு வந்து போனவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கடித்துப் போட்ட சோளக் கட்டைகள், ஸ்ட்ராபெரி டப்பாக்கள், ஸ்டீம்போட் கடையில் மிஞ்சிய சூப்பும் நூடல்ஸும் கட்டிய பிளாஸ்டிக் பைகள். அவற்றோடு காய்கறிக் கடைகள் உரித்துத் தள்ளிய முட்டைக்கோஸ் இலைகள். இரவு மழை பெய்திருந்தால் எல்லாம் ஊறிக் கனத்துக் கிடக்கும். கேமரன் மலையில் இரவு மழை அபூர்வமான விஷயமல்ல.

இந்தக் குப்பைக்காக மலையின் வட கோடியில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய புளூ வேலியில், இன்சினரேட்டர் எனப்படும் எரியுலை ஒன்று கட்டப்பட்டது. நாளொன்றுக்கு 40 டன் குப்பையை எரிக்கும் கணக்கில் வடிவமைக்கப்பட்ட ஆலை அது. லங்காவி, லாபுவான், பங்கோர், தியோமான் ஆகிய நான்கு தீவுகளோடு கேமரன் மலையையும் சேர்த்து அரசாங்கம் தொடங்கிய சிறு எரியுலைத் திட்டத்தின் ஒரு பகுதி. தீவுகளுக்கு நடுவே ஒரு மலை எப்படி வந்தது என்று கேட்கலாம். குப்பை விஷயத்தில் கேமரன் மலையும் ஒரு தீவுதான். சமதளம் கிடைப்பது அரிது. கிடைக்கும் சமதளத்தில் காய்கறித் தோட்டமோ தங்கும் விடுதியோ இருக்கும். குப்பையைக் கீழே கொண்டுபோவதென்றால் தாப்பா பக்கமோ சிம்பாங் பூலாய் பக்கமோ வளைவு வளைவாக லோரி இறங்க வேண்டும். செலவும் ஆபத்தும் கூடவே இறங்கும்.

மலையிலேயே புதைக்கலாம் என்றால் கீழே தண்ணீர் இருக்கிறது. தெலோம் ஆற்று நீர் சுரங்கக் குழாய் வழியே பெர்த்தாம் பக்கம் திருப்பப்பட்டு, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, மின்சாரம் தயாரிக்கப் போகிறது. 1963 முதல் இயங்கும் அந்த ஏற்பாட்டில் மண்ணும் குப்பையும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதை ஹாபு வழியாகப் போகிறவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் வேலியில் உயிர்ச்சேதம் ஏற்பட்டதை மலைவாசிகள் மறக்கவில்லை. சரிவில் கொட்டும் எதுவும் ஒரு நாள் ஆற்றுக்குப் போகும். ஆகவே எரிப்பது என்ற முடிவுக்கு வந்தவர்களை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது.

குறை எங்கே என்றால், எதை எரிக்கிறோம் என்பதில்.

நாட்டு மக்களின் வீட்டுக் குப்பையில் என்ன இருக்கிறது என்று 2012இல் தேசிய அளவில் ஆய்வு நடந்தது. உணவுக் கழிவு மட்டும் சுமார் 45 விழுக்காடு. பிளாஸ்டிக் 13 விழுக்காட்டை ஒட்டி. அடுத்து வந்தது, பலரும் எதிர்பார்க்காத ஒன்று: குழந்தைகளின் டயப்பர், சுமார் 12 விழுக்காடு. காகிதம் அதற்கும் கீழே. மொத்த எடையில் பாதிக்கு மேல் வெறும் ஈரம் என்பதுதான் மலேசியக் குப்பையைப் பற்றி நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் எரியுலை நன்றாக ஓடுகிறதே என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள குப்பையில் காகிதமும் அட்டையும் அதிகம். நம்முடைய குப்பையில் நேற்றைய குழம்பு அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 டன் குப்பையில் 55 விழுக்காடு ஈரம் என்றால் 22 டன் தண்ணீர். குப்பை தீப்பிடிப்பதற்கு முன் இந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாக வேண்டும். அதற்குத் தேவையான வெப்பம் ஏறக்குறைய 1,500 லிட்டர் டீசல் எரிந்தால் கிடைக்கும் வெப்பத்துக்குச் சமம். குப்பையில் இருக்கும் பிளாஸ்டிக்கும் காகிதமும் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கும். போதாததை எண்ணெய் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். தானாக எரிவதற்கு ஒரு கிலோ குப்பையில் குறைந்தது 6 மெகாஜூல் வெப்ப ஆற்றல் இருக்க வேண்டும் என்பது உலக வங்கியின் வழிகாட்டி வகுத்த அளவு. ஈரமான சமையலறைக் குப்பை அந்தக் கோட்டைத் தொடவே திணறும்.

இப்போது, வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கும் சட்டத்தை இதோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007இல் நிறைவேறியது. அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் பகாங்கும் ஒன்று. அந்த மாநிலங்களில் 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமானது. அடுத்த ஆண்டு முதல் அபராதமும் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, டின் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் தொட்டிக்கு என்பதுதான் அதன் சாரம்.

குப்பையைப் புதைக்கும் ஊருக்கு இது நல்ல ஏற்பாடு. புதைகுழிக்குப் போகும் குப்பை குறைகிறது. ஆனால் எரியுலை வைத்திருக்கும் ஊருக்கு? நன்றாக எரியக்கூடிய காகிதத்தையும் அட்டையையும் முன்கூட்டியே எடுத்துவிட்டு, எரியாத ஈரச் சோற்றையும் டயப்பரையும் உலைக்கு அனுப்பி வைக்கிறோம். மக்கள் எவ்வளவு ஒழுங்காகச் சட்டத்தை மதிக்கிறார்களோ, அவ்வளவுக்கு உலையின் தீனி ஈரமாகிறது. விறகைத் தனியே அடுக்கி வைத்துவிட்டு வாழைத்தண்டால் அடுப்பு மூட்டும் கதைதான். இதற்குத் தீர்வு காகிதத்தை எரிப்பதல்ல. அதை மறுசுழற்சிக்கு அனுப்புவதே சரி. கேமரன் மலை போன்ற இடத்தில் முதலில் தனியே பிரிய வேண்டியது ஈரக் குப்பை என்பதை மட்டும் அந்தச் சட்டத்தின் நடைமுறை கவனிக்கவில்லை. நாட்டுக்கெல்லாம் ஒரே அளவில் தைத்த சட்டை மலைக்குப் பொருந்தவில்லை.

ஈரம் பணப் பிரச்சினை மட்டும் என்றால், யாரோ எண்ணெய்க்குப் பணம் கட்டுகிறார்கள் என்று விட்டுவிடலாம். புகைக்கூண்டிலிருந்து வருவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. குப்பையை எரிக்கும்போது டையாக்சின் எனும் நச்சு உருவாகாமல் இருக்க, எரிந்த வாயு குறைந்தது 850 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 2 விநாடி இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. திடீரென்று ஒரு லோரி நிறைய நனைந்த முட்டைக்கோஸ் இலை உள்ளே விழுந்தால் வெப்பம் சரியும். அடிக்கடி நிறுத்தி அடிக்கடி மூட்டும் சிறு உலைகளில், மூட்டும் நேரமும் அணைக்கும் நேரமும்தான் மோசமான நேரங்கள். மலேசியாவிலும் டையாக்சினுக்கென்றே 2004இல் தனி ஒழுங்குவிதி வந்தது. ஒரு கன மீட்டர் வாயுவில் 0.1 நானோகிராம் என்பது வரம்பு. கண்ணுக்கோ மூக்குக்கோ எட்டாத அளவு அது. புகை தெரியவில்லை, நாற்றமில்லை என்பதால் நச்சு இல்லை என்று சொல்ல முடியாது. கரும்புகை தெரிந்ததால் வரம்பு மீறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்தால்தான் தெரியும்.

அளந்த முடிவுகள் யார் கையில் இருக்கின்றன என்பதே கம்போங் ராஜா, புளூ வேலி சுற்றுவட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு முக்கியமான கேள்வி. உலையின் வெப்பநிலை, நின்ற நாட்கள், டையாக்சின் சோதனை முடிவு, இந்த மூன்றையும் மாவட்ட மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. மலாய், தமிழ், சீன மொழிகளில் ஒட்டினால் இன்னும் நல்லது.

அடியில் மிஞ்சும் சாம்பலையும் மறக்கக் கூடாது. எரித்தால் குப்பை மறைந்துவிடும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. எடையில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ சாம்பலாக மிஞ்சும். அதில் புகை வடிகட்டியில் சேரும் மெல்லிய சாம்பல்தான் நச்சு மிகுந்தது. அதை மலைச்சரிவில் கொட்ட முடியாது. அபாயக் கழிவுகளைக் கையாள உரிமம் பெற்ற நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆக, கீழே இறங்கும் லோரி முற்றாக நின்றுவிடவில்லை, சுமை மாறியிருக்கிறது.

இந்தச் சிறு எரியுலைத் திட்டத்தின் மொத்தச் செலவு பதினெட்டு கோடி வெள்ளியைத் தாண்டியது. தேசியக் கணக்காய்வாளர் அறிக்கையில் அதன் நிர்வாகம் விமர்சனத்துக்கு உள்ளானது. அதற்கு முன்பே 2007இல், சிலாங்கூர் புரோகாவில் நாளொன்றுக்கு 1,500 டன் எரிக்கத் திட்டமிட்ட மாபெரும் ஆலையை மக்கள் எதிர்ப்புக்கும் செலவுக் கணக்குக்கும் இடையே அரசாங்கம் கைவிட்டது. பிறகு கெப்போங்கில் எதிர்ப்பு, அண்மையில் ரவாங்கில் எதிர்ப்பு. ஆனாலும் 2040க்குள் நாட்டில் 18 ஆலைகள், குப்பையிலிருந்து மின்சாரம் என்று வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு பேசுகிறது. நாளொன்றுக்கு சுமார் 39,000 டன் குப்பை சேரும் நாட்டில் அமைச்சின் அவசரம் புரியக்கூடியதே. அப்படி வந்த முதல் பெரிய ஆலை எங்கே இருக்கிறது தெரியுமா? போர்ட்டிக்சனில், லாடாங் தானா மேரா என்ற இடத்தில். பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. இத்தகைய ஆலைக்கு இடம் தேடும்போது கண் தோட்டப்புறத்தின் மீது விழுவது ஒன்றும் தற்செயல் இல்லை.

அதே 39,000 டன்னை நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வரும். கேமரன் மலை மாவட்டத்தின் மக்கள்தொகையும் தற்செயலாக 39,000 பேரை ஒட்டியதுதான். அந்த விகிதத்தில் உள்ளூர்வாசிகளின் குப்பையே 45 டன்னைத் தொடும். மறுசுழற்சிக்குப் போவதைக் கழித்தாலும், வார இறுதியில் ஏறி வரும் சுற்றுப்பயணிகளையும் காய்கறித் தோட்டக் கழிவையும் கூட்டினால், 40 டன் உலை எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இன்னொரு உலை கட்டலாம் என்ற பேச்சு இங்கேதான் தொடங்கும். உள்ளே போகும் 22 டன் தண்ணீரைக் குறைக்கலாம் என்ற பேச்சு அபூர்வமாகவே கேட்கிறது.

தோட்டத்து லயன்களில் இந்தக் கதை வேறு மாதிரி. 1929இல் ரஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் முதல் இன்றுவரை, லயன் குப்பை என்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. தோட்டச் சாலை தனியார் சாலை. தானா ராத்தாவில் ஒரு தாமானுக்குள் நுழைவது போல, குத்தகை நிறுவனத்தின் பெரிய லோரி தேயிலைச் சரிவுக்குள் வளைந்து வளைந்து வந்து ஒவ்வொரு வரிசை வீட்டின் முன்னும் நிற்காது. தொழிலாளர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் சட்டம் 1990 முதல் இருக்கிறது. நிர்வாகம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் டிராக்டர் வந்து குப்பையை எடுத்துப் போகும். இல்லாத இடத்தில் லயனுக்குப் பின்னால் ஒரு குழி, அல்லது ஒரு தகர டிரம், ஒரு தீக்குச்சி.

அந்த டிரம்மைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பீப்பாயில் எரிக்கும் குப்பையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோதித்துப் பார்த்தது. சில பத்து வீடுகள் தினமும் இப்படி எரித்தால் வெளியாகும் டையாக்சின், நவீன வடிகட்டியுடன் ஓடும் ஒரு பெரிய எரியுலை வெளியிடும் அளவை எட்டிவிடும் என்று தெரியவந்தது. குளிர்ந்த, புகை எழும்பாத தீதான் காரணம். மலையின் காலைப் பனியில் அந்தப் புகை மேலே போகாமல் லயன் கூரையோடு தவழ்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். அபராதம் இலட்சக்கணக்கான வெள்ளி வரை போகும். ஆனால் குப்பை எடுக்க யாரும் வராத லயனில் ஒரு தாய் என்ன செய்வாள் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

இன்று பல லயன்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தமிழ்க் குடும்பங்களும், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட பெரியவர்களும் சில வரிசைகளில் மிஞ்சியிருக்கிறார்கள். குப்பையைப் பிரிக்கச் சொல்லி ஒட்டும் சுவரொட்டியை இவர்களில் எத்தனை பேர் தங்கள் மொழியில் படிக்க முடியும் என்பதும் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

இங்கே ஒரு பல்கலைக்கழக வளாகத்தை நினைத்துப் பார்க்கலாம். வளாகத்துக்குள்ளேயே சிறிய எரியுலை வைத்தால் குப்பைத் தொல்லை தீருமே என்ற யோசனை உயர்கல்விக் கழகங்களிலும் எழுவதுண்டு. மலாயா பல்கலைக்கழகம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. குப்பையில்லா வளாகம் என்ற இயக்கத்தின் கீழ், சிற்றுண்டிச் சாலைகளின் உணவுக் கழிவையும் மரங்களின் இலை தழையையும் தனியே சேர்த்து, வளாகத்திலேயே மட்கவைத்து உரமாக்குகிறது. தொடங்கிய காலத்தில் அது ஒரு சிறு முயற்சிதான். ஆனால் அது ஓடுவதற்குக் காரணம் விஞ்ஞான வித்தை அல்ல. ஒரு வளாகத்துக்கு ஒரே நிர்வாகம், ஒரே வாசல், யார் எங்கே சமைக்கிறார்கள் என்று தெரிந்த சமையலறைகள், உரத்தைப் போட சொந்த மண் எல்லாம் இருக்கின்றன. நகரத்தில் ஆயிரம் வீட்டுக்காரர்களிடம் கெஞ்சி வாங்க வேண்டிய ஒத்துழைப்பை வளாகத்தில் ஒரு சுற்றறிக்கையால் பாதியாவது பெற்றுவிடலாம்.

தேயிலைத் தோட்டமும் அதே அமைப்புதான். ஒரே நிர்வாகம், ஒரே கேட், வரிசை வரிசையாக வீடுகள், சுற்றுப்பயணிகளுக்கான ஓரிரு தேநீர்க் கூடங்கள், எரு கேட்கும் மண். இன்னும் சொல்லப்போனால் தோட்டத்துக்கு வளாகத்தைவிட வசதி கூடுதல்: கவாத்து செய்த கிளைகளும் காய்ந்த இலைகளும் அங்கே குறைவில்லாமல் கிடைக்கும். ஈரமான சமையலறைக் கழிவோடு கலக்க அந்தக் காய்ந்த சருகுதான் தேவை. இல்லாவிட்டால் குவியல் அழுகி நாறும். மலையின் குளிரில் மட்குவது கீழ்நாட்டைவிட மெதுவாகத்தான் நடக்கும் என்பது உண்மை. காட்டுப்பன்றியும் குரங்கும் நாயும் மோப்பம் பிடித்து வரும். காய்கறித் தோட்டங்களில் போடும் கோழி எருவால் வரும் ஈத் தொல்லையை ஏற்கெனவே சபிக்கும் மலைவாசிகள், உரக் குவியல் என்றதும் முகம் சுளிப்பார்கள். மூடிய தொட்டி வேண்டும், கூரை வேண்டும், வாரம் ஒரு முறை கிளறிவிட ஆள் வேண்டும்.

தமிழகத்தின் நீலகிரியும் இதே போன்ற தேயிலை மலைதான். அங்கே மாவட்ட நிர்வாகம் 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடுக்கத் தொடங்கியது. பின்னர் குன்னூரில் உள்ளூர்வாசிகளே நகராட்சியோடு சேர்ந்து குப்பை மேட்டில் இறங்கித் தரம் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். கேமரன் மலையிலும் 2001 முதல் ரீச் என்ற அமைப்பு சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுத்து வருகிறது. மலைக்கு அக்கறையுள்ள ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தோட்ட கேட்டுக்கு உள்ளே தன்னார்வலர்கள் தாமாக நுழைய முடியாது. அங்கே முடிவு நிர்வாகத்தின் கையில்.

டயப்பரும், மின்கலமும், அழுக்கு ஒட்டிய பிளாஸ்டிக்கும் உரமாகாது. அவை உலைக்கோ வேறு இடத்துக்கோ போய்த்தான் ஆக வேண்டும். எனவே புளூ வேலி உலையை மூடச் சொல்வது இன்றைக்கு அர்த்தமில்லாத கோரிக்கை. அதற்குள் சோறும் கீரையும் போகாமல் பார்த்துக்கொண்டால், அதே உலை குறைந்த எண்ணெயில், சரியாத வெப்பத்தில், அதன் வடிவமைப்பாளர்கள் எண்ணியபடி ஓட வாய்ப்பிருக்கிறது. தோட்டங்கள் முதலில் தொடங்கினால், கியா ஃபார்ம் காய்கறிக் கடைகளிடமும் பிரிஞ்சாங் ஸ்டீம்போட் கடைகளிடமும் அடுத்து கேட்க மாவட்ட மன்றத்துக்கு முகம் இருக்கும். உண்மையில் கடைகளின் ஈரக் கழிவுதான் லயன் வீடுகளின் கழிவைவிடப் பல மடங்கு அதிகம். தோட்டத்தில் தொடங்குவது எளிது என்பதால்தான் அங்கிருந்து.

செலவு யார் தலையில் என்று தோட்ட அலுவலகம் கேட்கும், கேட்பது நியாயம். உரக் கொட்டகையில் ஒருவரை வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மேலே பார்த்த 22 டன் தண்ணீருக்கு ஈடான டீசலை லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தால் ஒரு நாளுக்கு 4,500 வெள்ளி. உலையில் அந்த வெப்பம் முழுவதும் டீசலாக வாங்கப்படுவதில்லை என்பதை விட்டுவிடக் கூடாது. ஆனாலும் ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், எண்ணெய் ஊற்றி ஓடும் ஒவ்வொரு நாளும் அந்த ஒருவரின் மாதச் சம்பளத்தை நெருங்கிய தொகை மிச்சமாகக்கூடும். மிச்சம் உலையை நடத்துபவருக்கு, செலவு தோட்டத்துக்கு என்பதுதான் இதில் சிக்கல். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை உரக் கொட்டகைக்குத் திருப்பிவிட இன்றைய குத்தகை ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா என்பதை அமைச்சும் மாவட்ட மன்றமும்தான் சொல்ல வேண்டும்.